காவலர்க்குக் கற்பிக்க வேண்டுவது களவு நூலா, முறை நூலா?

கோவலனைக் கொன்றது யார் என்று கேட்டால், பாண்டியனின் ஆராயாத ஆணை என்பர் பலர். பொற்கொல்லனின் சூழ்ச்சி என்பர் சிலர். சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையைக் கருத்தூன்றிப் படிப்பார்க்கு மூன்றாவதாக ஒரு விடையும் தோன்றும். அரசன் ஆணையோடு வந்த காவலர், கோவலனைக் கண்ட அளவிலேயே, இவன் தோற்றம் கள்வன் தோற்றம் அன்றே என ஐயுற்றனர். பொற்கொல்லன் அவர்களை எள்ளி நகைத்தான். களவு நூல் கூறுவதென்று சொல்லிக் கள்வர்க்குத் துணையாவன எட்டினை ஒவ்வொன்றாக விரித்துரைத்தான். ஒரு காவலன், தான் முன்பு மழையிருளில் கண்ட கள்வன் ஒருவனின் கதையை எடுத்துச் சொல்லி அச்சத்தை வளர்த்தான். மற்றவர் இன்னது செய்வதென்று துணியாமல் நின்ற அந்தப் பொழுதில், கல்வியறிவற்ற குடியன் ஒருவன் வாளை வீசிவிட்டான். எல்லாம் முடிந்துபோயிற்று.

காவல் என்னும் துறையின் நோய் முழுவதையும் அடிகள் அந்தச் சில வரிகளில் அடக்கிக் காட்டிவிட்டார். ஐயுற்றவர்க்கு அறிவு இருந்தது; அதனைச் செயலாக்கும் உறுதி இல்லை. பொற்கொல்லனுக்கு நூலறிவு இருந்தது. அஃது அறத்திற்குப் புறம்பான நூலறிவு. வாள் வீசியவனுக்கு இரண்டும் இல்லை. அங்கே களவு நூல் கற்பிக்கப்பட்டது. முறை நூல் கற்பிக்கப்படவில்லை. ஒரு மாந்தனைக் கள்வனென்று எப்படிக் கருதுவது என்பதை விளக்க ஆள் இருந்தான்; கள்வனென்று கருதப்பட்டவனிடத்து எப்படி நடந்துகொள்வது என்பதை எடுத்துரைக்க ஒருவரும் இல்லை.

காவலர்க்குக் கல்வி வேண்டுமா, வேண்டுமெனின் எந்தக் கல்வி வேண்டும் என்ற வினா இன்றும் உயிரோடு இருக்கின்றது. அவ்வினாவுக்குக் கல்லூரிகளின் வழியாக விடை காண முயன்ற நாடுகளுள் முன்னிற்பது அமெரிக்கக் கூட்டரசு. அங்கே நடந்த முயற்சியும் அதன் வெற்றியும் வீழ்ச்சியும் தமிழ்மக்கள் அறிந்துகொள்ளத் தக்கவை.

அமெரிக்காவில் குமுகாயக் கல்லூரி எனப்படுவது ஈராண்டுக் கல்லூரி. இன்றுவரை நின்று நிலவும் பொதுக் கல்லூரிகளுள் மூத்தது, இலினாய்சு மாநிலத்துச் சோலியட்டு நகரில் 1901இல் தோன்றியது. 1947இல் குடியரசுத் தலைவர் துரூமன் அமர்த்திய உயர்கல்விக் குழு, இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் பெருக வேண்டும் என்று பரிந்துரைத்தபின் அவை ஊர்தோறும் கிளைத்தன. இன்று அவை ஏறத்தாழ ஆயிரம் உள்ளன. கட்டணம் குறைவு. உயர்நிலைப் பள்ளியை முடித்தவர் எவரும் பெரும்பாலும் தடையின்றிச் சேரலாம். பகலெல்லாம் கடையிலும் பட்டறையிலும் உழைப்பவர், படையிலிருந்து மீண்டவர், பிள்ளைகளை உறங்கவைத்துவிட்டு மாலை வகுப்புக்கு வரும் தாயர் என்று பல்கலைக்கழகத்தின் வாயில் யார்க்கு எட்டாததோ அவர்க்கெல்லாம் திறந்திருக்கும் வாயில் அது. கறுப்பின மக்களும், சுபானியம் பேசும் மக்களும், புதிதாகக் குடியேறிய மக்களும் உயர்கல்வியில் முதலடி வைப்பது பெரும்பாலும் அங்கேதான்.

அக்கல்லூரிகளில் குற்றமுறையியல் என்ற படிப்பு பெரும்பாலான இடங்களில் உண்டு. ஈராண்டில் ஏறத்தாழ 60 பாட அலகுகளை முடிப்பவர் இணைநிலைப் பட்டம் பெறுவர். காவல், முறைமன்றம், சிறைக்கோட்டம் என்னும் மூன்றும் ஓர் உடலின் மூன்று உறுப்புகள் என்பதிலிருந்து படிப்புத் தொடங்குகின்றது. குற்றச் சட்டம், குற்ற நடைமுறைச் சட்டம், சான்றியல், இளையோர் குற்றம், திருத்தப் பணி, காவலர்க்கும் பொதுமக்கட்கும் உள்ள உறவு, அறிக்கை எழுதும் முறை, பணியறம் என்பன பாடங்கள். படித்தவர் ஊர்க்காவலராகலாம், மாவட்டக் காவலில் சேரலாம், சிறை அலுவலராகலாம், நன்னடத்தைக் கண்காணிப்பாளர்க்கு உதவியாகலாம், நான்காண்டுப் பட்டத்திற்கு மேற்படிப்பைத் தொடரலாம்.

இந்தக் கல்விக்கு வித்திட்டவர் ஆகசுட்டு வோல்மர் என்பவர். கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்கிளி நகரில் அஞ்சல் கொண்டுசெல்லும் பணியில் இருந்த அவர், 1905இல் அந்நகரின் காவல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பள்ளிப்படிப்பையே முழுமையாகப் பெறாதவர் அவர். கல்லாமையின் குறையைத் தம்மிடமே கண்ட அவர், தம் காவலர்க்கு அக்குறை இருத்தல் ஆகாது என்று கருதினார். 1908இல் காவலர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1916இல் பெர்க்கிளிப் பல்கலைக்கழகத்திலேயே காவற்கல்விக்கு வழிசெய்தார். கல்லூரி மாணவரைக் காவற்பணிக்கு அழைத்தார். அடித்தும் வதைத்தும் குற்ற ஒப்புதல் வாங்கும் கொடுமையைக் கடிந்தார். 1930இல் சான் ஓசே நகரின் அரசுக் கல்லூரியில் காவற்கல்வி தனிப்பாடமாக மலர்ந்தது. பள்ளியை முடிக்காத அந்த அஞ்சற்காரர் இறுதியில் பெர்க்கிளியிலேயே பேராசிரியராக அமர்ந்தார். கல்வியின் அருமையைக் கல்லாதார் அறியுமளவு கற்றாரே அறியார் போலும்!

ஆயினும் இக்கல்வி நாடெங்கும் பரவியது அறத்தின் பசியால் அன்று, அச்சத்தின் உந்துதலால். 1965இல் இலாசு ஏஞ்சலிசு நகரின் வாட்சுப் பகுதியிலும், 1967இல் நியூவார்க்கு, தெத்ராயிட்டு நகர்களிலும் கறுப்பின மக்களின் நெடுநாள் புழுக்கம் தீயாய் எழுந்தது. அந்தப் பெருங்கிளர்ச்சிகள் பலவற்றுக்குப் பொறியாக அமைந்தது, காவலர் ஒருவர் ஒருவரைப் பிடித்தது, அடித்தது, நிறுத்திச் சோதித்தது போன்ற ஒரு நிகழ்ச்சியே. குடியரசுத் தலைவர் இலிண்டன் சான்சன் அமர்த்திய குழு 1967இல் தந்த அறிக்கை, சட்டத்தைச் செயற்படுத்தும் காவலர் அனைவரும் பட்டம் பெற்றவராதலே முடிந்த நோக்கமாக வேண்டும் என்றது. 1968இல் இயற்றப்பட்ட சட்டத்தின்வழிக் காவலர்க்கும் காவலராக விழைவோர்க்கும் கல்லூரிக் கட்டணத்திற்குக் கூட்டரசு பணம் தந்தது. பணம் வந்ததும் படிப்பும் வந்தது. சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான குமுகாயக் கல்லூரிகள் இப்பாடத்தைத் தொடங்கிவிட்டன.

எண்ணிக்கை பெருகியது, தரம் பெருகியதா? 1978இல் இலாரன்சு செர்மன் தலைமையில் வெளிவந்த, காவற்கல்வியின் தரம் பற்றிய தேசியக் குழு அறிக்கை கடுமையான விடையைத் தந்தது. கல்லூரி என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது கல்வி அன்று, பயிற்சியே. ஓய்வுபெற்ற காவலரே ஆசிரியராக வந்து தம் பழம் பட்டறிவைப் பாடமாக ஓதுகின்றனர். காவல்துறையை மாற்ற வேண்டிய கல்வி, காவல்துறையின் பழக்கத்தையே படியெடுத்துத் தருகின்றது என்று அது குறை கண்டது. ஆகவே இத்தகைய ஈராண்டுத் தொழிற்படிப்புகளைக் குமுகாயக் கல்லூரிகள் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது.

நோயை அக்குழு சரியாகவே கண்டது. மருந்தைத் தவறாகச் சொன்னது. கற்பிக்கும் முறை கெட்டிருந்தால் கற்பிக்கும் முறையைத் திருத்துதல் வேண்டும். எளியவன் நுழையும் வாயிலை அடைத்தல் கூடாது. நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் மட்டும் காவற்கல்வி என்றால், செல்வர் வீட்டுப் பிள்ளைகள் ஏழையர் தெருக்களைக் காவல் செய்யும் நிலையே மிஞ்சும். தெருவின் மொழியையும் துயரையும் அறிந்தவன் அத்தெருவில் பிறந்தவனே. அவன் காவலனாக வேண்டும். அவன் கற்றவனாகவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே தரக்கூடிய இடம் குமுகாயக் கல்லூரியே.

கல்வி வேறு, பயிற்சி வேறு என்பதை இங்கே தெளிதல் நன்று. துமுக்கியை (துப்பாக்கியை) எப்படிப் பிடிப்பது, கைவிலங்கை எப்படி மாட்டுவது, ஊர்தியை எப்படி விரைந்து செலுத்துவது என்பன பயிற்சி. 2018இல் எடுத்த அரசுக் கணக்கின்படி, அமெரிக்காவின் காவற்பயிற்சிப் பள்ளிகளில் அடிப்படைப் பயிற்சிக்குச் செலவாகும் காலம் நடுவளவாக 833 மணிநேரம். அதில் துமுக்கிப் பயிற்சிக்கு மட்டும் 70 மணிநேரத்திற்கு மேல் போகின்றது. வட கரோலினா போன்ற மாநிலங்களில் இப்பயிற்சியையும் குமுகாயக் கல்லூரிகளே நடத்துகின்றன. பயிற்சி தேவையில்லை என்று எவரும் சொல்லார். ஆனால் 'எப்படி' என்பதோடு பயிற்சி நின்றுவிடும். 'ஏன்' என்றும், 'எதுவரை' என்றும் கேட்பது கல்வி. படைக்கலம் ஏந்தியவன் கேட்டுப் பழக வேண்டிய இரண்டு வினாக்கள் அவையே.

நல்ல கல்லூரியின் நல்ல ஆசிரியர் அவ்வினாக்களை எப்படி எழுப்புவார் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள் போதும். புளோரிடாச் சிறையில் கிடந்த கிதியன் என்னும் ஏழை, வழக்கறிஞர் இல்லாமலே தனக்குத் தண்டனை தரப்பட்டது முறையன்று என்று, சிறைத்தாளில் கரிக்கோலால் எழுதித் தலைமை முறைமன்றத்திற்கு விடுத்தான். 1963இல் அம்மன்றம் அவன் பக்கம் நின்றது. பெருங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசே வழக்கறிஞரைத் தர வேண்டும் என்றது. 1966இல் அரிசோனாவின் மிரண்டா வழக்கு. பிடித்துவைக்கப்பட்டவனை உசாவுமுன், பேசாதிருக்க அவனுக்கு உரிமை உண்டு, பேசுவது அவனுக்கு எதிராகப் பயன்படலாம், வழக்கறிஞரை உடன்வைத்துக்கொள்ள உரிமை உண்டு, வாய்ப்பில்லையேல் அரசே அமர்த்தித் தரும் என்று அவனுக்குச் சொல்லியாக வேண்டும் என்பது தீர்ப்பு. மிரண்டா நல்லவன் அல்லன். அந்த ஒப்புதலை விலக்கிவிட்டு மீண்டும் நடந்த வழக்கிலும் அவன் குற்றவாளியென்றே காணப்பட்டான். பாடத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கின்றது. நல்லவனுக்கு மட்டும் உரிமை என்பது உரிமையாகாது. தீயவன் எனக் கருதப்படுவானுக்கும் முறை வழங்குவதே முறை. இதனை இருபது அகவை இளைஞன் ஒருவன் ஒரு மாலை வகுப்பில் உள்ளத்தால் உணர்ந்துவிட்டானாயின், அக்கல்லூரி எழுந்த பயன் முழுதும் நிறைவேறிவிட்டது எனலாம்.

மிரண்டாத் தீர்ப்பின் வழியே மொழியின் தலைமையும் விளங்கும். 2013இல் அமெரிக்காவின் ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு மன்றத்திற்கு ஒரு வழக்கு வந்தது. காவலர் ஒருவர் சுபானிய மொழியில் உரிமைகளை எடுத்துரைத்தபோது, வழக்கறிஞர் 'விலையின்றி' அமர்த்தித் தரப்படுவார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'இலிப்ரே' என்ற சொல்லை ஆண்டுவிட்டார். ஆங்கிலத்தில் கட்டின்மைக்கும் விலையின்மைக்கும் ஒரே சொல். சுபானியத்தில் இரண்டும் வேறு. 'இலிப்ரே' என்பது கட்டற்றவர், ஓய்வாயிருப்பவர் என்று பொருள்படுமேயன்றி விலையின்றி வருபவர் என்று பொருள்படாது. அரசு தரும் வழக்கறிஞரைப் பெறுவது தனக்குள்ள உரிமை என்பது கேட்டவனுக்கு விளங்கியிருக்காது என்று கண்ட மன்றம், அவ்வெச்சரிக்கை செல்லாது என்றது. ஒரே ஒரு சொல்! ஒரு சொல் பிழைத்தால் உரிமை பிழைக்கும் என்பதை ஒரு முறைமன்றமே ஒப்புக்கொண்டது. தாய்மொழியின் உரிமை உணர்ச்சிவயப்பட்டோர் கூக்குரல் என்று ஏளனம் செய்வோர் இத்தீர்ப்பை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

இனி, இக்கல்வியின் வீழ்ச்சியைக் காண்போர் மின்னசோட்டா மாநிலத்தைக் காணல் வேண்டும். காவலராக உரிமம் பெறுவதற்குக் குறைந்தது ஈராண்டுக் கல்லூரிக் கல்வி வேண்டும் என்ற நெறிக்கு 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அடிகோலிய மாநிலம் அது. காவற்கல்வியில் அமெரிக்காவிற்கே முன்னோடி என்று பெயர்பெற்றது. அம்மாநிலத்து மின்னியாபொலிசு நகரில்தான், 2020 மே 25ஆம் நாள், சியார்சு பிளாயிடு என்ற கறுப்பின மாந்தர், கைவிலங்கிட்டுத் தரையில் குப்புறக் கிடத்தப்பட்டு, தெரெக்கு சோவின் என்ற காவலரின் முழங்காலின்கீழ் 9 மணித்துளி 29 நொடி நசுங்கி உயிர்விட்டார்.

அங்கே நடந்தவற்றைக் கொலைக்களக் காதையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உள்ளம் நடுங்கும். பிளாயிடின் கால்களைப் பிடித்திருந்த தாமசு இலேன் என்ற காவலர் பணியேற்றுச் சில நாள்களே ஆனவர். இவரை ஒருபக்கமாகப் புரட்டிக் கிடத்தலாமா என்று அவர் மூத்த காவலரைக் கேட்டார். வேண்டா என்று விடை வந்தது. மேலும் ஒருமுறை கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கோவலனைக் கண்டு ஐயுற்ற காவலரைப்போல அவரும் ஐயுற்றார், அவரைப்போலவே அடங்கினார். பின்னர் மருத்துவ ஊர்தியில் ஏறி உயிர்மீட்க முயன்றதும் உண்மை; ஆனால் உயிர் காத்திருக்கவில்லை. மருத்துவ உதவி செய்யத் தவறிய குற்றத்திற்காக 2022இல் அவரும் தண்டனை பெற்றார்.

பொற்கொல்லனின் களவு நூலும் அங்கே இருந்தது. பிடிபட்டவர் ஒருவகை வெறிப்பித்துக்கு ஆளாகிப் பேராற்றல் பெற்றுவிடுவர் என்று ஒரு கருத்து அமெரிக்கக் காவலர்க்கு நெடுங்காலமாக ஓதப்பட்டு வந்தது. அந்த வெறிப்பித்து இவருக்கு வந்திருக்குமோ என இலேன் கவலையுற்றுச் சொன்னார். அதற்காகத்தான் குப்புறக் கிடத்தியிருக்கின்றோம் என்றார் மூத்தவர். அப்படி ஒரு நோய் உண்டென்று கொள்வதற்கில்லை என அமெரிக்க மருத்துவச் சங்கம் 2021இல் மறுத்தது. இறந்தவர்க்கு அந்நோய்ப் பெயரைச் சூட்டுதல் கூடாது என்று கலிபோர்னியா 2023இல் சட்டமே இயற்றியது. ஆக, காவலர் கல்லாதவர் அல்லர், கற்றிருந்தனர். கற்றதில் பொய்யும் கலந்திருந்தது. பிடிபட்டவனைப் பற்றிய அச்சம் நூலாகக் கற்பிக்கப்பட்டது. அவன் மூச்சைப் பற்றிய அக்கறை கற்பிக்கப்பட்டிருந்தாலும் கையில் இறங்கவில்லை. உடன் காவலர் வரம்பு மீறினால் மற்றவர் தடுக்க வேண்டும் என்ற விதி 2016 முதலே அந்நகர்க் காவல்துறையில் இருந்தது. விதி தாளில் இருந்தது. முழங்கால் கழுத்தில் இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. அந்த இரவே காவல்துறை வெளியிட்ட முதல் அறிக்கை, காவலரோடு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியின்போது மருத்துவ இடரால் ஒருவர் இறந்தார் என்றது. முழங்கால் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கொன்றவர் என்று எவரும் இல்லை. செய்வினையை ஒளித்துச் சாவை மட்டும் காட்டும் அந்த எழுத்து நடை, அறிக்கை எழுதும் முறை என்ற பாடத்தைத் தலைகீழாகக் கற்றதன் பயன். பதினேழு அகவைப் பெண்ணொருத்தி தன் கைப்பேசியில் பிடித்த படம் இல்லையேல் அப்பொய்யே வரலாறாகியிருக்கும். 2021இல் சோவின் கொலைக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு இருபத்திரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றதும் அப்படத்தின் வலிமையாலேயே. சொல்லைத் திரிப்பவன் முறையைத் திரிக்கின்றான். மொழித்தூய்மை என்பது வேற்றுச்சொல் விலக்குவதோடு முடிவதன்று. சொல்லில் உண்மையை நிறுத்துவதும் மொழித்தூய்மையே.

இதைக் கண்டு, கல்வியால் பயனில்லை, பட்டம் பெற்றும் கொன்றனரே என்று சொல்லத் தொடங்கியவர் பலர். அது பிழையான முடிபு. இரண்டு நடுத்தர நகர்களின் காவலரை ஆராய்ந்து 2010இல் வெளிவந்த ஆய்வொன்று, கல்லூரிக் கல்வி பெற்ற காவலர் பிறர்மேல் வன்மையைக் கையாளுதல் குறைவு என்று கண்டது. பிடித்துவைத்தலிலும் சோதனையிடுதலிலும் மட்டும் வேறுபாடு காணவில்லை. கல்வி கையைத் தணிக்கின்றது. ஆனால் துறையின் பழக்கத்தை அது தனியே மாற்றிவிடாது என்பதே அதன் பொருள். மருந்து பாதி வேலை செய்கின்றது என்றால் மருந்தை எறிந்துவிடுவதா, பத்தியத்தைச் சேர்ப்பதா?

ஆனால் அமெரிக்க நகர்கள் சில மருந்தையே எறியத் தொடங்கியுள்ளன. ஆள் கிடைப்பது அரிதாயிற்று என்று சொல்லி, நியூயார்க்கு நகரக் காவல்துறை, சேர்வோர் பெற்றிருக்க வேண்டிய 60 கல்லூரி அலகுகளை 2025இல் 24 ஆகக் குறைத்துவிட்டது. அறிவை அஞ்சும் மனப்பான்மை புதியதும் அன்று. கனெக்டிகட்டு மாநிலத்து நியூ இலண்டன் நகரில் காவற்பணிக்கு விண்ணப்பித்த ஒருவர், அறிவுத்தேர்வில் மிகுதியான மதிப்பெண் பெற்றதற்காகவே விலக்கப்பட்டார். மிக்க அறிவுடையார் அப்பணியில் சலிப்புற்று விலகிவிடுவர், பயிற்சிச் செலவு வீணாகும் என்பது நகரத்தார் சொன்ன கரணியம். 2000ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு மன்றமும் அதற்கு இசைந்தது! மருத்துவன் மிகக் கற்றவனாக இருத்தல் கூடாது என்று எந்த நகரமேனும் சொல்லுமா? உயிரைக் காப்பவனுக்குக் கல்வி எல்லையின்றி வேண்டும்; உயிரைப் பறிக்கும் படைக்கலம் ஏந்துபவனுக்கு அளவோடு போதும் என்பது எந்த நாட்டு அறிவு?

ஆகவே செய்ய வேண்டுவன மூன்று. ஒன்று: குமுகாயக் கல்லூரியின் வாயில் எளியவர்க்கு என்றும் திறந்திருத்தல் வேண்டும், அவ்வாயிலைக் கடவாமல் காவற்பணிக்கு வருவதும் கூடாது, கட்டணம் தடையாகுமாயின் அரசே அதை ஏற்றல் வேண்டும். இரண்டு: அங்கே கற்பிப்போர் பழங்காவலராக மட்டும் இருத்தல் கூடாது. வழக்கறிஞரும், வரலாற்றறிஞரும், மருத்துவரும், சிறையிலிருந்து திருந்தி மீண்டவரும், காவலரால் துன்புற்ற குடும்பத்தாரும் அவ்வகுப்பில் பேசுதல் வேண்டும். குற்றவாளியைப் பற்றிக் காவலரிடம் மட்டும் கேட்டறிவது, ஆட்டைப் பற்றி ஓநாயிடம் கேட்டறிவது போன்றது. மூன்று: ஐயுற்ற இளையவன் வினவினால் மூத்தவன் செவிகொடுக்க வேண்டும்; கொடாவிடின் இளையவன் தடுக்க வேண்டும்; தடுத்தவனைத் துறை காக்க வேண்டும். இந்த மூன்றாவது இல்லையேல் முன்னைய இரண்டும் நீர்மேல் எழுத்தாய்விடும்.

இச்செய்தி தமிழர்க்குத் தொலைவிலுள்ள செய்தி அன்று. பிளாயிடு இறந்து ஒரு திங்களும் நிறையாமுன், அதே 2020இல், தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் கடை நடத்திய தந்தையும் மகனும் காவல் நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டு வதைக்கப்பட்டு, சூன் 22, 23 ஆகிய நாள்களில் அடுத்தடுத்து மாய்ந்தனர். காவலர் பலர்மேல் கொலை வழக்கு எழுந்தது. அங்கும் கற்றவர் இருந்தனர். அங்கும் விதி தாளில் இருந்தது. அதன்பின் 2024 சூலை முதல் நாள், குற்றச் சட்டம், குற்ற நடைமுறை, சான்றியல் என்னும் மூன்றுக்கும் இந்திய அரசு புதுச்சட்டங்களை நடைமுறைக்குக் கொணர்ந்தது. பாரதிய நியாய சன்கிதா முதலாக அவற்றின் பெயர்கள்கூடத் தமிழ்க் காவலன் வாயிலும் நுழையா, தமிழ்க் குடிமகன் செவியிலும் ஏறா. ஒரு சொல் விளங்காமற்போனதற்கே ஓர் எச்சரிக்கை செல்லாதாயிற்று அமெரிக்காவில். சட்டத்தின் பெயரே விளங்காத நாட்டில் குடிமகனின் உரிமை என்னாவது? காவலனுக்கு முறையைக் கற்பிக்கும் கல்வி அவன் தாய்மொழியிலும், அவனால் பிடிக்கப்படுவோனின் தாய்மொழியிலும் இருந்தாலன்றி அது பாதிக் கல்வியே.

எனினும் சாத்தான்குளத்தில் ஒன்று நடந்தது. அஃது இருளிடை எழுந்த சிறு விளக்கு. அந்நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர், தம்மோடு பணியாற்றியோர் சூழ்ந்திருந்தும் அஞ்சாது, அவ்விரவில் கண்டதை முறைமன்ற நடுவர்முன் உள்ளவாறு உரைத்தார். கோவலனைக் கண்டு ஐயுற்ற காவலர் செய்யத் தவறியதும், இலேன் கேட்டுவிட்டு அடங்கியதும் எதுவோ, அதனை அப்பெண் செய்தார். அவர்க்கு அதைக் கற்பித்தது எந்தக் கல்லூரி என்பது தெரியவேண்டுவதில்லை. அதைக் கற்பிப்பதற்காகத்தான் கல்லூரி இருக்க வேண்டும் என்பதே தெரியவேண்டுவது.

அமெரிக்காவிலாயினும் தமிழ்நாட்டிலாயினும், காவலனாக விரும்பி ஒரு மாலை வகுப்பில் வந்தமரும் ஏழை இளைஞனின் கையில் பொற்கொல்லனின் நூலும் தரப்படலாம். முறை நூலும் தரப்படலாம். எதைத் தருவது என்று முடிவு செய்வோர் ஆசிரியரும் ஆட்சியாளரும். அம்முடிவின் பயனைத் தன் கழுத்தில் தாங்குபவன் தெருவில் நடக்கும் எளிய குடிமகன். அவன்பொருட்டேனும் களவு நூல் மூடப்படுக. முறை நூல் திறக்கப்படுக!